வண்டி விற்பனைக்கு இல்லை, கண்ணு

கண்ணு, ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய ஆள் வந்து போனார். தெருமுனை தாண்டுவதற்குள் உன்னைக் கூப்பிட்டிருப்பார் போலிருக்கிறது. நீ உடனே என்னைக் கூப்பிட்டாய். நான் வாயெடுப்பதற்குள், "ஏம்மா இப்படிப் பண்றீங்க, கோயமுத்தூர்ல இருந்து வந்த மனுசன இப்படி அலைய உட்டுட்டீங்களே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். போனில் நமக்குள் எப்போதும் இதுதான் நடக்கிறது. நீ பெங்களூரில் இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் பேசுகிறாய், நான் அடுப்புக்கும் உன் அப்பாவுக்கும் நடுவில் பேசுகிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

வந்தவர் நல்ல மாதிரியான ஆள்தான். பழைய கார்களை வாங்கி விற்கிறவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார், கொடுத்த டீயைக் குடித்தார், தன் போனில் நம் காரின் படங்களைக் காட்டினார். பொங்கலுக்கு வந்திருந்தபோது வண்டியைக் கழுவித் துடைத்து, சுற்றிச் சுற்றி நீ படம் எடுத்தாயே, அவைதான். ஆசையாக எடுக்கிறாய் என்று நினைத்து நான் அன்றைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படத்துக்குக் கீழே, ஒரே குடும்பம் ஓட்டிய டீசல் வண்டி, நல்ல கண்டிஷன் என்று எழுதியிருந்தாய். என்னிடம் பேசும்போது அது ஓட்டை வண்டி, விற்க வரும்போது நல்ல கண்டிஷன். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியும். அதனால் அதைப் பற்றி உன்னோடு சண்டை போடவில்லை.

அவர் பானெட்டைத் திறந்து பார்த்தார், டயரைக் குனிந்து பார்த்தார், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தர்றனுங்க" என்று சாவி கேட்டார். சாவி எப்போதும் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும். அன்றைக்கு இல்லை. உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை மூடியிருந்தது. நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்து போய், சாவியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் தடி ஊன்றி எழுந்து அந்த மூலை வரைக்கும் போய் வருவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும்.

"ஐயா, சாவி குடுங்கய்யா" என்றார் வந்தவர்.

அப்பா தலையை ஆட்டினார்.

அவர் என்னைப் பார்த்தார். "ஐயாகிட்ட வெவரம் சொல்லலீங்களாம்மா?"

"எனக்கே நீங்க வந்து சொல்லித்தானுங்க தெரியும்" என்றேன்.

அப்போது அப்பா, "குடுக்கல" என்றார். பக்கவாதம் வந்த பிறகு அவருடைய நாக்கு தடித்துப்போய், ஒரு வார்த்தை வெளியே வர எவ்வளவோ நேரமாகும், வந்தாலும் எனக்கு மட்டும்தான் விளங்கும். இந்த வார்த்தை வாசல் வரைக்கும் கேட்டது. வந்தவருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "சரிங்கய்யா" என்று மீதி டீயைக் குடித்தார். போகும்போது, "வண்டிய நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவரை நாங்கள் அவமானப்படுத்தவில்லை. அவரும் எங்களை அவமானப்படுத்தவில்லை. அதைச் செய்தது நீ. இதையெல்லாம் சொல்லலாம் என்று மறுபடி நான் கூப்பிட்டபோது, "அப்பாவுக்கு என்னம்மா புரியும்" என்றாய். இந்தக் கடிதம் அந்த வாக்கியத்துக்கான பதில்.

இந்த வண்டி நம் வீட்டுக்கு வந்தது உனக்கு நன்றாக நினைவிருக்கும். நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. மண்ணரையில் அப்பா பவர் டேபிள் நடத்திக்கொண்டிருந்த காலம். பெரிய பனியன் கம்பெனிகளிடம் வெட்டிய துணியை வாங்கி வந்து, தைத்துத் திருப்பிக் கொடுக்கிற வேலை. டீசல் வண்டிதான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். பின் சீட்டை மடக்கினால் துணி மூட்டை ஏறும், ஞாயிற்றுக்கிழமை சீட்டை நிமிர்த்தினால் குடும்பம் ஏறும் என்பது அவர் கணக்கு. எத்தனையோ திங்கட்கிழமை உன் பள்ளிப் பை அந்த மூட்டைகளுக்கு நடுவில் நசுங்கி, நீ அழுதிருக்கிறாய். உன் சீருடையில் ஒட்டிய பஞ்சை வாசலில் நிறுத்தித் தட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவேன்.

அந்தப் பஞ்சுதான் வண்டிக்கும் முதல் எதிரி. மற்ற ஊர்களில் காரின் ஏர் ஃபில்டரில் மண் அடைக்கும். நம் ஊரில் பஞ்சு அடைக்கும். வண்டி இழுக்காமல் கரும்புகை விட்டால் அப்பா முதலில் அதைத்தான் கழற்றிப் பார்ப்பார். உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும். ரேடியேட்டர் முன்னாலும் அப்படித்தான். டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்கினால் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி வடித்துவிட வேண்டும். காலையில் சாவியைத் திருப்பியதும் ஆரஞ்சு விளக்கு அணைகிற வரைக்கும் பொறுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நெடுந்தூரம் ஓட்டி வந்தால் உடனே அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். இதையெல்லாம் அவர் உனக்குத்தான் சொல்லிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று அழுக்குத் துணியை வாங்கிக்கொள்வேன். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கார் என்பது நான் இடது பக்கம் ஏறி உட்காரும் ஒரு இடம், அவ்வளவுதான்.

நீ ஈரோட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. குன்னத்தூரில் கல்யாணம், காலை முகூர்த்தம், திரும்பி வருகிற வழியில் வந்தது, பால் வண்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நடுவில் நடந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை. நீ பயந்துவிடுவாய் என்று முதலில் சொல்லவில்லை. பிறகு நீ பெரிய ஆளாகி எங்களுக்குச் சொல்கிற இடத்துக்கு வந்துவிட்டாய், கேட்கிற இடத்தில் இல்லை. இப்போது கேள்.

சாப்பிட்டுவிட்டு அங்கிருந்து கிளம்பினோம். பேசிக்கொண்டே வந்தார். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பந்தியில் தூங்கிவிட்டதைச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் கோணியது. கியர் மேல் இருந்த இடது கை நழுவி என் பக்கம் விழுந்தது. அந்த நிலையிலும் அவர் வண்டியை ஓரம் கட்டினார், கண்ணு. வலது கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, வலது காலால் பிரேக்கை மிதித்தார். கிளட்சை மிதிக்க வேண்டிய இடது கால் வரவில்லை. வண்டி குலுங்கிக் குலுங்கி நின்று அணைந்தது. பக்கத்தில் சோளக்காடு. உச்சி வெயில். ஆள் அரவம் இல்லை.

என் பக்கத்தில் நல்ல வண்டி நின்றது. சாவி அதிலேயே இருந்தது. டேங்க் நிறைய டீசல் இருந்தது. ரோடு நேராகத் திருப்பூருக்குப் போனது. ஓட்டத்தான் ஆள் இல்லை. நான் எட்டிக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். கியரில் நின்றிருந்த வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. அவர் தலை ஜன்னலில் மோதியது. மறுபடி அதைத் தொட எனக்குத் துணிச்சல் இல்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ரோட்டின் நடுவில் நின்றேன். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு, கழுத்தில் நகையோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. ஒருவர் வேகத்தைக் குறைத்து, உள்ளே சாய்ந்து கிடந்தவரைப் பார்த்துவிட்டுக் குடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். கடைசியில் அந்தப் பால் வண்டிக்காரர் நிறுத்தினார். தன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அப்பாவைத் தூக்கிப் பின்னால் படுக்க வைத்து, நம் காரை அவர்தான் ஓட்டினார். "பயப்படாதீங்க்கா, போயர்லாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா இவ்வளவு நேரம் கழிச்சுக் கூட்டிட்டு வர்றீங்க?"

அந்தக் கேள்வியைக் கேட்டு நான் அழுதுகொண்டு நின்றேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் அழுதது துக்கத்தில் மட்டும் இல்லை. எனக்கு அப்படி ஒரு கோபம். எத்தனை வருடம் அந்த இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். ஓவர்லாக் மெஷினைக் கழற்றி மாட்டுவேன், ஊசி ஒடிந்தால், நூல் அறுந்தால், மோட்டார் சூடானால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கையெட்டும் தூரத்தில் இருந்த இதை எனக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று என் அப்பாவுக்குத் தோன்றவில்லை, அண்ணனுக்குத் தோன்றவில்லை, கட்டியவருக்கும் தோன்றவில்லை. இதை என் தப்பு என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் இன்னொரு முறை அப்படி ரோட்டில் நிற்கவும் மாட்டேன் என்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முடிவு செய்தேன்.

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். அங்கே இருந்தவர், "ஊட்ல பசங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்கம்மா" என்றார். பசங்க ஹாஸ்டல்ல இருக்காங்க, நான்தான் வந்திருக்கேன் என்றேன். உன் மாமா வந்து உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசினார். "இந்த வயசுல நீ காரு ஓட்டிப் பழகி எந்த ஊருக்குப் போகப் போற? ஒரு டிரைவரப் போட்டுக்கலாமல்ல?" என்றார். "டிரைவரு ராத்திரி எங்கூட்லயா படுத்திருப்பாருங்கண்ணா? இவருக்கு எப்ப என்ன ஆகும்னு கேட்டுட்டா வரும்?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் கிளம்பிவிட்டார்.

லைசென்ஸ் வாங்கிவிட்டேன். ஆனால் ஸ்கூல் வண்டி சின்ன வண்டி, பக்கத்தில் உட்காருகிறவர் காலடியிலும் பிரேக் உண்டு. நம் வண்டியில் அப்படி எதுவும் இல்லை. கிளட்சை விட்டால் அணையும், அழுத்தினால் உறுமும். மண்ணரை ரோட்டில் கம்பெனி விடுகிற நேரம், முன்னால் சைக்கிள், பின்னால் லாரி, நடு ரோட்டில் நான் நின்றுகொண்டிருப்பேன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கியர் மறக்கும், கியரைப் பார்த்தால் ரோடு மறக்கும். ஒரு நாள் சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டு வந்து சாவியைத் தூக்கிப் போட்டேன். அப்பா அப்போது கட்டிலோடு கிடந்த காலம். அந்தச் சாவியைக் காட்டி, என்னைக் காட்டி, தன்னைக் காட்டினார். தன்னையும் வண்டியில் ஏற்று என்கிறார்.

ஏற்றினேன். இடது பக்கச் சீட்டில், நான் எத்தனையோ வருடம் உட்கார்ந்து வந்த அதே இடத்தில் அவரை உட்கார வைத்தேன். அவருக்கு வேலை செய்யாதது இடது கை. வலது கை நன்றாக இருந்தது. இடது பக்கம் உட்கார்ந்தால் வலது கைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? கியர் இருக்கிறது. அவர் தன் கையை அதன் மேல் வைத்தார். நான் ஸ்டார்ட் செய்தேன். கிளட்சை மிதித்தேன். அவர் முதல் கியர் போட்டார். வண்டி நகர்ந்தது. என்ஜின் சத்தம் ஏறியதும் என்னைப் பார்த்து, "கல" என்றார். கிளட்ச் என்று சொல்ல வரவில்லை. மிதித்தேன், அவர் இரண்டாவது போட்டார். அப்படியே மூன்றாவது. நான் ரோட்டை மட்டும் பார்த்தால் போதும் என்றாயிற்று. அன்றைக்கு ஊத்துக்குளி ரோடு வரைக்கும் போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவர் முகத்தில், கோணிப்போன அந்த முகத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாகச் சிரிப்பு இருந்தது.

எத்தனையோ மாதம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வண்டியை ஓட்டினோம், கண்ணு. அப்படித்தான் கம்பெனிக்குத் துணி எடுக்கப் போனோம். அப்படித்தான் பவர் டேபிளை மூடாமல் நடத்தினேன், அதில்தான் உன் படிப்பு முடிந்தது. பிறகு எனக்கே எல்லாம் பழகிவிட்டது. தனியாகப் போனால் நானே போட்டுக்கொள்வேன். அவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் கியரை நான் தொட மாட்டேன். இன்றைக்கும் அப்படித்தான். பொங்கலுக்கு வந்தபோது பின் சீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, யாராச்சும் பாத்தாச் சிரிப்பாங்க" என்றாய். சிரித்தால் சிரிக்கட்டும். நீ எங்களுக்கு வாங்கித் தருகிறேன் என்று சொல்கிற புது வண்டி ஆட்டோமேட்டிக். அதில் கிளட்ச் இல்லை, காலுக்கு வலி இல்லை என்று அருமையாகச் சொன்னாய். உண்மைதான். அதில் கியர் போடுகிற வேலையும் இல்லை. அப்படியென்றால் உன் அப்பா அதில் ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்து வர வேண்டும். அது எங்களுக்கு வேண்டாம்.

உனக்கு எங்கள் மேல் அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு வருடம் முன்னால் தாராபுரம் ரோட்டில் வண்டி நின்றுபோனதே, அதிலிருந்துதான் நீ விற்கச் சொல்லி நச்சரிக்கிறாய். அதையும் முழுதாகக் கேள். டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. என்ஜினுக்குள் எல்லாவற்றையும் ஒரு தாளத்தில் ஓட்டுகிற ரப்பர் பட்டை அது. அறுந்தால் உள்ளே ஒன்றோடொன்று மோதி வால்வெல்லாம் வளைந்துவிடும். அந்தப் பெல்ட்டை மாற்றணுமா என்று அதற்கு முந்திய சர்வீஸிலேயே நம் மெக்கானிக் செல்வினிடம் கேட்டிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே ஷெட் போட்டிருக்கிற ஆள், உனக்குத் தெரியுமே. "இன்னும் ஓடும்க்கா, அடுத்த தடவ பாப்போம்" என்றார். நம்பினேன். அடுத்த தடவை வருவதற்குள் அறுந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு அவர் ஷெட்டில் போட்டோம். பிரித்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, நான் சொல்லுதத கேளுங்க. இனிமே இதுக்குப் பண்ணுதது வீண். இரும்புக்குக் குடுத்துருங்க, நல்ல ஆளா நான் பாத்துத் தாரேன்" என்றார்.

"செல்வின், பெல்ட்டு ஓடும்னு சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"நீங்க ஓடும்னு சொன்னதுதானுங்க அறுந்துச்சு. நீங்கதான் ஓட வெக்கணும். என்ஜின் ஹெட்டக் கழட்டிக் கொண்டுபோயி வால்வு மாத்திட்டு வாங்க. எத்தன நாளானாலும் சரி, நான் வந்து கேட்டுட்டே இருப்பேன். வண்டிய மட்டும் குடுக்க மாட்டேன்."

"அக்கா, கோவப்படாதீங்க. சாமான் கெடைக்கணும்லா?"

"கெடைக்கிற வரைக்கும் தேடுங்க."

மழைக்காலம் முழுக்க வண்டி அந்த ஷெட்டில் கிடந்தது. அந்தக் காலத்தில் நடந்ததுதான் உனக்குத் தெரியாது. பிசியோதெரபிக்கு அப்பாவை வாடகைக் காரில் கூட்டிப் போனேன். நீதான் போனில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தாய், நல்லதுதான். முதல் டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பா காலை எடுத்து வைப்பதற்குள் நான்கு முறை போனைப் பார்த்தார். இன்னொருவர், "பெரியவரே, கொஞ்சம் சீக்கிரம்" என்றார். அதில் தப்பில்லை, அவருக்கு அடுத்த சவாரி இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அப்பா வர மாட்டேன் என்றார். பிசியோதெரபி போகவில்லை. தாராபுரத்தில் இருக்கும் அவர் தங்கை வீட்டுக்கு மாதம் ஒருமுறை போவோமே, அதற்கும் வரவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னார். கட்டிலுக்குப் போனார். ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். எனக்குத் தெரியும், என்ன இல்லை என்று. நான் தினமும் மத்தியானம் ஷெட்டுக்குப் போய் நின்றேன். என்னைப் பார்த்தாலே செல்வினுக்கு முகம் சுருங்கும். ஒரு கட்டத்தில், "அக்கா, எங்கம்மா கூட என்ன இப்படி வெரட்டல" என்றார். வெரட்டினதால்தான் ஆயிற்று. ஹெட் வேலை முடிந்து, புதுப் பெல்ட் போட்டு, முதல்முறை ஸ்டார்ட் செய்தபோது ஷெட் முழுக்க வெள்ளைப் புகை. புகை அடங்கியதும் சத்தம் சீராக வந்தது. செல்வின் என்னைப் பார்க்காமல், "மறுபடி ஓடும்னு நான் நெனைக்கவேயில்ல" என்றார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் போனது அப்போதுதான்.

வண்டியை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினேன். ஹாரன் அடிக்கவில்லை. உள்ளே போய்ச் சொல்லலாம் என்று இறங்குகிறேன், கதவு திறக்கிறது. சத்தம் கேட்டு அப்பா எழுந்து, தடியை எடுத்து, வேட்டியைச் சரியாகக் கட்ட முடியாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இடது பக்கக் கதவைத் தானே திறந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்ங்க" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். அன்றைக்குத் தாராபுரம் வரைக்கும் போய், ஆற்றுப் பாலத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி, தங்கை வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். இந்த மனிதருக்குத்தான் எதுவும் புரியாது என்கிறாய்.

போன வருடம் வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்தது. பதிவைப் புதுப்பிக்கப் போனால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தள்ளிவிடுவார்கள் என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். நானே டீசல் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும் மாற்றி, ஹெட்லைட்டைத் தேய்த்து, துரு பிடித்த இடத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வைத்து, புகைச் சோதனை முடித்துக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஓட்டிக் காட்டினேன். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். டீசல் வண்டி ஊரைக் கெடுக்கிறது என்கிறாய். இருக்கலாம். நல்ல வண்டியை இரும்புக்குப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவது ஊரை எப்படிக் காப்பாற்றும் என்று எனக்கு விளங்கவில்லை. நீ ஒரு நாள் உட்கார்ந்து விளக்கு, கேட்டுக்கொள்கிறேன்.

என் கண்ணைப் பற்றிச் சொல்கிறாய். புரை எடுத்த பிறகு உன்னைவிட நன்றாகத் தெரிகிறது. டாக்டர் வேண்டாம் என்று சொல்கிற அன்றைக்கு நிறுத்திவிடுவேன். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை, கனமழையில் ஓட்டுவதில்லை, தலை சுற்றினால் ஓரம் கட்டிவிடுவேன். இந்த விதிகளை எனக்கு நான் போட்டுக்கொண்டேன், யாரும் போடவில்லை. ஒரு நாள் இந்தச் சாவியைக் கீழே வைக்க வேண்டி வரும். அந்த நாள் எது என்று நானும் அப்பாவும் சேர்ந்து முடிவு செய்வோம். உனக்குத் தெரியப்படுத்துவோம். உன்னிடம் கேட்க மாட்டோம்.

உனக்கும் ஒன்று சொல்கிறேன், அம்மா என்கிற உரிமையில். நாளைக்கு உனக்கும் வயதாகும். உன் பிள்ளை உன் பொருளைப் படம் எடுத்து விலை பேசும் காலம் வரும். அதற்கு முன்னால் உன் வீட்டில் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள். யாருடைய பொருளோ, யாருடைய உடம்போ, யாருடைய நாளோ, அவர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய். பேச முடியாதவராக இருந்தால் இன்னும் பொறுமையாகக் கேள். பதில் வர நேரமாகும், வரும். மருமகளிடமும் இதைச் சொல். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று போன முறை கேட்டேன். "எதுக்கு அத்தை, அவருதான் இருக்காரே" என்றாள். அந்தப் பதில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. புது வண்டி வாங்க எடுத்து வைத்த பணத்தில் முதல் வேலையாக அவளை டிரைவிங் ஸ்கூலில் சேர்.

உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ரயிலில் டிக்கெட் போட்டிருப்பதாகச் சொன்னாய். அதை ரத்து செய்துவிடு. நாங்கள் காரில் வருகிறோம். முதல் நாள் விடிந்ததும் கிளம்பி, சேலத்தில் சாப்பிட்டு, தருமபுரியில் கொஞ்சம் ஓய்வெடுத்து, இருட்டுவதற்குள் வந்துவிடுவோம். செல்வின் நேற்றே பிரேக், பெல்ட், டயர் எல்லாம் பார்த்துவிட்டார். ஓடும்க்கா என்றார், நான் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டேன். உங்கள் குடியிருப்பு வாசலில் காவலுக்கு இருப்பவரிடம் எங்கள் வண்டி நம்பரைச் சொல்லி வை. கூடவே இதையும் சொல்லி வை: வலது பக்கம் இருப்பது உன் அம்மா, இடது பக்கம் இருப்பது உன் அப்பா, இரண்டு பேரையும் தவிர வண்டியில் யாரும் இருக்க மாட்டார்கள். டிரைவர் எங்கேம்மா என்று அவர் என்னைக் கேட்கக் கூடாது.

அம்மா